மயில் தொல்லை லிஸ்ட்டும் என்னோட லிஸ்ட்டும்

சித்த காலை நகத்திக்கங்க அம்மிணி, கத்திரி நாத்து. மடியில வெச்சுக்கலாம்னா பஸ்ஸு குலுக்கற குலுக்குல தொட்டி மண்ணு பூராம் சேலையில கொட்டிரும். ஆ, அப்படித்தான். அங்கயே இருக்கட்டும். நீங்க பொள்ளாச்சி வரைக்குங்களா? நான் கிணத்துக்கடவுங்க. மேம்பாலத்து மேல போயிராதீங்க, கீழ ஊருக்குள்ள போயி எறக்கி விடுங்கன்னு கண்டக்டர்கிட்ட ஏறும்போதே சொல்லிட்டேன். தலையை ஆட்டுனாரு. எந்தப் பக்கம் ஆட்டுனாருன்னுதான் தெரியல.

கழக வேலையாத்தான் போறேன். வடவள்ளி மாடித்தோட்டக் கழகம், நான்தான் செயலாளர். கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லைங்களா? சரி, 'துளசிமணி தினக்குறிப்பு' கேள்விப்பட்டிருப்பீங்க. அதும் இல்லையா. பரவால்ல, அது மெயில்லதான வருது. கழகத்துல சேந்தாத்தான் வரும். முந்தியெல்லாம் சேராட்டியும் வந்துட்டிருந்துச்சு.

சிரிக்காதீங்க. வாட்சப் இருக்கறப்ப மெயில் எதுக்குன்னுதான கேக்கப் போறீங்க? எல்லாருந்தான் கேட்டாங்க. எங்களுக்கும் வாட்சப் இருந்துச்சு. காலையில எந்திரிச்சா ஒருத்தர் ரோஜாப்பூ படம் போடுவாரு, குட் மார்னிங். இன்னொருத்தர் பதிலுக்கு ரெண்டு ரோஜா. அப்பறம் ஊரே ரோஜா. நடுவுல ஒரு அம்மா, 'எலுமிச்சைக்கு மாவுப்பூச்சி வந்துருச்சு, என்ன அடிக்கறது'ன்னு கேட்டிருக்குது. அந்தப் பூக்குவியலுக்குள்ள அந்தக் கேள்வி எங்க போயி விழுந்துச்சுன்னே தெரியல. யாரோ பாத்து வேப்பெண்ணெய்னு பதில் போடறதுக்குள்ள எலுமிச்சை சருகாயிருச்சு. அந்தம்மா அழுதுருச்சுங்க. அன்னைக்கே கழகத்துக்குன்னு ஒரு வெப்சைட்டு, அதுல மெயில் லிஸ்ட்டுன்னு முடிவு பண்ணுனோம். மெயில்ல ரோஜா போடறதுக்கு யாருக்கும் பொறுமை இருக்காதல்ல?

மொதல்ல ஒரே லிஸ்ட்டுதான். அப்பறம் சாணம் நல்லதா, கம்போஸ்ட்டு நல்லதான்னு ஒரு சண்டை. சண்டைன்னு வந்துட்டா நான் பேச்சை வளக்கவே மாட்டேன் அம்மிணி, ஒரு லிஸ்ட்டைத் தொறந்து விட்டுருவேன். சாணத்துக்கு ஒண்ணு, கம்போஸ்ட்டுக்கு ஒண்ணு. போயி அங்க பேசிக்கங்க. அப்படியே ரோஜாவுக்கு ஒண்ணு, கொடிக்கு ஒண்ணு, பூச்சிக்கு ஒண்ணு, விதை பரிமாத்தம் ஒண்ணு. தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கறவங்க மொட்டை மாடிக்கெல்லாம் மயில் வந்து தக்காளியைக் கொத்திட்டுப் போகுதுன்னு பொலம்புனாங்க, 'மயில் தொல்லை'ன்னு ஒண்ணு. மயிலைத் தொல்லைன்னு சொல்றதான்னு முருக பக்தருங்க கோவிச்சுட்டாங்க, அவிங்களுக்குத் தனியா ஒண்ணு.

எந்த லிஸ்ட்டுத் தொறந்தாலும் எல்லாரையும் நானே சேத்து விட்டுருவேன். ஒருத்தரைச் சேத்து ஒருத்தரை விட்டா நல்லாவா இருக்கும்? தெருவுல ஒரு வீட்டுக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகை வெக்காம விட்டா அந்த வீட்டுக்காரங்க மூஞ்சியில முழிக்க முடியுமா? அதே நாயந்தான். ரோஜாச் செடியே இல்லாதவங்களுக்கும் ரோஜா லிஸ்ட்டு வரும். தெரிஞ்சுக்கட்டுமே.

இது எல்லாத்துக்கும் நடுநாயகமா நம்ம தினக்குறிப்பு. வெள்ளனே அஞ்சு மணிக்கெல்லாம் போயிரும். செடிதான்னு இல்லைங்க, எனக்குப் படறதெல்லாம் எழுதுவேன். முருங்கையை எப்ப ஒடிக்கறது, எந்தக் கடைத் தொட்டி சீக்கிரம் விரிசல் விடுது, எங்க வீட்டுக்காரரு நர்சரியில ஏமாந்துட்டு வந்தது. எங்கயாவது வெளிய போறதா இருந்தாலும் அதுல போட்டுட்டுத்தான் போவேன், மருதமலைக்குப் போனாக்கூட. செயலாளர் எங்கன்னு உறுப்பினருங்க தேடக் கூடாது பாருங்க. அத்தனை பேரும் 'அருமை அக்கா', 'அருமை அக்கா'ன்னு பதில் போடுவாங்க. ஒருத்தரு நான் அனுப்பறதுக்கு முந்தியே ஒரு நா 'அருமை'ன்னு போட்டுட்டாரு. அவ்வளவு ஆர்வம்.

ஒருத்தராவது விலகணுமே! அந்த ஏற்பாடு அப்படி. ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு. ரோஜா லிஸ்ட்டு பாஸ்வேர்டைப் பூச்சி லிஸ்ட்டுக்குப் போட்டா எடுக்காது. அதையும் தேடிக் கண்டுபுடிச்சு ஒருத்தர் விலகிட்டாருன்னு வைங்க, ஒடனே 'இன்னார் இந்தப் பட்டியலிலிருந்து விலகினார்'னு எல்லாருக்கும் மெயில் போகும். அது தானா போறது, நான் போடறதில்லை. நடேசன்னு ஒருத்தர் கொடி லிஸ்ட்டை விட்டு விலகுனாரு. காலையில வாக்கிங் போன எடத்துல ரெண்டு பேரு, பால்காரர் வீட்டுல ஒருத்தரு, கோயில்ல ஒருத்தரு, 'என்னங்க நடேசன், கொடிக்காரங்களோட என்ன மனஸ்தாபம்?' மனுசன் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டுத் திரும்பச் சேந்துக்கிட்டாரு. அதுக்கப்பறம் யாரு விலகுவாங்க? அப்படி ஒரு ஒத்துமை எங்க கழகத்துல.

ஈச்சனாரி வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா. சரி.

ஒருத்தி விலகுனா. லோகநாயகி. லோகுன்னு கூப்புடுவோம். கழகத்தையே நாங்க ரெண்டு பேருந்தான் ஆரம்பிச்சோம், அவ வீட்டு மொட்டை மாடியில, ரெண்டு பிளாஸ்டிக் சேரு போட்டுக்கிட்டு. நெம்ப நல்லவ. ஆனா உச்சி வெயில்ல மொளகாய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துவா. சொன்னாக் கேக்க மாட்டா. அதனால ஒரு நா தினக்குறிப்புல எழுதுனேன், 'சிலர் மதியம் தண்ணி ஊத்துகிறார்கள், இவர்களை என்ன செய்வது'ன்னு. பேரு போடல. பேரு போடாதது எம்பெருந்தன்மை. மறுநா காலையில மெயில் வருது, 'லோகநாயகி துளசிமணி தினக்குறிப்பு பட்டியலிலிருந்து விலகினார்.'

ஊருக்கே போயிருச்சு அம்மிணி! எங்க வீட்டு போன் ஓயல. எங்கூட்டுக்காரரு கூடக் கேட்டாரு, அவரு அப்பல்லாம் மெயில் பாப்பாரு. அப்பறம் லோகு கூப்பிட்டா. 'துளசி, கை தவறிப் போச்சு. மயில் தொல்லையை நிறுத்தலாம்னு போனேன், உன்னுது நின்னு போச்சு. பாஸ்வேர்டு வேற மறந்துட்டேன், நீயே திரும்பச் சேத்து விடு'ங்கறா. கை தவறுதாம்! இருக்கற அத்தனை லிஸ்ட்டுல என்னோடதுலதான் வந்து கை தவறணுமா? நான் சொல்லிட்டேன், 'தானா போனவ தானாத்தான் வரணும். யாரையும் வலுக்கட்டாயமாச் சேக்கற பழக்கம் நம்ம கழகத்துல கெடையாது.' விதின்னா எல்லாருக்கும் விதிதான?

அதோட சரி. ரெண்டு வருசம். அவ ஊட்டுக்காரரு ரிட்டயர் ஆனதும் கிணத்துக்கடவுல இருந்த அவிங்க பூமியிலயே வீட்டைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. பால் காய்ச்சறதுக்குப் பத்திரிகை வந்துச்சு. நான் போகல. அன்னைக்கு எனக்குத் தலைவலி. வருமுன்னு முந்தின நாளே தெரியும்.

அந்த ரெண்டு வருசமும் நான் அவளை நெனைக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க. இந்தாப் பாருங்க, இந்த நாத்து, வரிக்கத்திரி. அவ குடுத்த விதைதான். ஒவ்வொரு வெள்ளாமையிலயும் நல்ல காயா நாலு பழுக்க விட்டு, விதையெடுத்து, சாம்பல்ல பொரட்டிக் காய வெச்சுக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். விதை என்ன பாவம் பண்ணுச்சு?

சரி, வெசயத்துக்கு வாறேன். எங்க வெப்சைட்டைப் பாத்துக்கறது ஜெயந்தின்னு ஒரு உறுப்பினர், பாலிடெக்னிக்குல கம்ப்யூட்டர் டீச்சரு. அவ பொதுக்குழுவுல எந்திரிச்சு ஒரு புதுப் பக்கம் போடறேன்னா. ஒரே பக்கம். போன் நம்பரைப் போட்டா ஓடிபி வரும், உள்ள போனா அத்தனை லிஸ்ட்டும் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கட்டம். வேணுங்கறதுக்கு டிக் வெச்சுக்கலாம், வேண்டாததுக்கு டிக்கை எடுத்துக்கலாம். தெனம் வேணுமா, வாரத்துக்கு ஒருக்காச் சேத்து வேணுமான்னுகூடக் கேக்கும். கடைசியில 'சேமி'ன்னு ஒரு பொத்தான். அவ்வளவுதான். பாஸ்வேர்டு இல்லை, ஊருக்கு மெயில் போறதில்லை.

நான் எந்திரிச்சுக் கேட்டேன், 'சொல்லாமக் கொள்ளாமப் போறதா? அது மரியாதையா?'ன்னு. எல்லாரும் அவிங்கவிங்க கையில இருந்த போண்டாவையே பாத்துட்டு இருந்தாங்க. 'சரி, வேணுங்கறவங்க கை தூக்குங்க'ன்னா ஜெயந்தி. அம்மிணி, போண்டாவைக் கீழ வெச்சுட்டு அத்தனை கையும் மேல போச்சு! நடேசன் ரெண்டு கையையும் தூக்குனாரு. கம்ப்யூட்டர் மேல சனங்களுக்கு இப்ப அவ்வளவு மோகம்.

நானும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டேன். புதுப் பக்கத்தைத் தொறந்தாங்க. அன்னைலருந்து எனக்கு ஒரு 'அருமை அக்கா'வும் வரல.

மொத நாள் கரண்ட்டு இல்லையோன்னு நெனைச்சேன். ரெண்டாம் நாளு நெட்டு. அப்பறம் ஜெயந்திக்குப் போன் போட்டு, 'புதுப் பக்கத்துல ஏதோ கோளாறு, என்னோட மெயிலு போக மாட்டேங்குது'ன்னேன். 'போகுதுங்கக்கா'ங்கறா. 'யாருக்குப் போகுது?' 'யாருக்குப் போகணுமோ அவிங்களுக்குப் போகுதுங்கக்கா.' பூசி மொழுகற மாதிரி இருந்துச்சு. நேரா அவ வீட்டுக்கே போயிட்டேன். காப்பி குடுத்தா, முறுக்குக் குடுத்தா, அல்வாக் குடுத்தா. இத்தனையும் தின்ன பொறகுதான் லேப்டாப்பைத் தொறந்தா.

மயில் தொல்லையில கிட்டத்தட்ட அத்தனை பேரும் இருக்காங்க. ஒரே ஒருத்தர்தான் போயிருக்காங்க. மயிலைத் தொல்லைன்னு சொல்லக் கூடாதுன்னவங்களும் இதுக்குள்ள வந்து உக்காந்திருக்காங்க. பூச்சிக்குக் கூட்டம், விதைக்குக் கூட்டம். தினக்குறிப்பைத் தட்டுனா மூணே மூணு பேரு. ஒண்ணு நான். ஒண்ணு எங்க வீட்டுக்காரரு. அவரு மெயில் பாக்கறதை விட்டே வருசமாச்சு, அவருக்கு டிக் வெச்சதும் நான்தான்.

வருசக்கணக்கா வெள்ளனே எந்திரிச்சு எழுதுனது. அந்த ஜெயந்தி பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டா.

அப்பறம் யோசிச்சுப் பாத்தேன், காரணம் புரிஞ்சு போச்சு. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொண்டாந்து வெச்சா சனங்க என்ன பண்ணுவாங்க? அவசரம். எதை எடுக்கறது, எதை விடறதுன்னு தெரியாம, கைக்குக் கெடைச்சதை எடுத்து விட்டுட்டாங்க. என்னோடது நடுவுல இருந்துச்சு, கைக்கு வாகா. ஜெயந்திகிட்டச் சொன்னேன். 'இருக்கலாங்கக்கா'ன்னா. அவளும் ஒத்துக்கிட்டா பாருங்க.

ஆமா, மூணாவது ஆளைக் கேக்க மாட்டேங்கறீங்களே! லோகுங்க. லோகநாயகி, கிணத்துக்கடவு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலையோன்னு கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுப் பாத்தேன். அவளேதான். 'பழசு ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்குது, எடுத்து விடு'ன்னேன். 'பழசு இல்லைங்கக்கா. பழைய லிஸ்ட்டுல அவிங்க பேரே இல்லை, கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. பக்கம் தொறந்த மொத நாளே அவிங்களா வந்து வெச்சிருக்காங்க. மத்தது அத்தனைக்கும் டிக்கை எடுத்துட்டாங்க, இது ஒண்ணுதான் வெச்சிருக்காங்க'ன்னா.

மத்தது எதுக்கு அவளுக்கு? அம்பது சென்ட் தென்னந்தோப்பு, கெணத்துத் தண்ணி. மாடியே இல்லாதவளுக்கு மாடித்தோட்டக் கழகமே எதுக்குன்னு கேக்கறேன். எல்லாத்தையும் எடுக்கணும்னு வந்திருப்பா. எடுக்கற வேகத்துல காலிக் கட்டத்துலயும் ஒரு தட்டுத் தட்டியிருப்பா, அது டிக்கா விழுந்துருச்சு. கை தவறிப் போயிருக்கும். அவளுக்கு அப்பவே கை தவறும், அவளே சொன்னாளே! அன்னைக்கு நான் நம்பல. இப்ப நம்பறேன்.

மலுமிச்சம்பட்டிங்களா இது? நல்ல கூட்டம். தொட்டியைப் பாத்துக்கங்க அம்மிணி, அந்தப் பெரியவர் கால் பட்டுரப் போகுது. ஏனுங்க, சித்த அந்தப் பக்கம் நில்லுங்க, நாத்து. ஆ, நல்லதுங்க.

ஜெயந்தி கேட்டா, 'மூணு பேருக்குத் தெனமும் எழுதணுமாங்கக்கா?'ன்னு. எழுதுறது என் கடமை, படிக்கறது அவிங்க இஷ்டம். ஒரு நாள் விடல. எழுதற வெசயந்தான் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். கெணத்துத் தண்ணியில உப்பு ஏறுனா செடிக்கு என்ன பண்றது, தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா மஞ்சள் வெக்கறது, செம்மண்ணுல கத்திரி எப்படி வரும், இந்த மாதிரி. ஜெயந்தி சொல்றா, இதெல்லாம் மாடியில எப்படிங்கக்கா பண்றதுன்னு. மாடிக்காரங்களுக்கும் பொது அறிவு வேணுமில்லைங்களா? ஒரு நா எழுதுனேன், மதியம் தண்ணி ஊத்தறது அப்படியொண்ணும் பெரிய குத்தமில்லை, வெயில் காலத்துல சில செடிக்குத் தேவைப்பட்டாலும் படும்னு. ஏதோ புதுசா ஆராய்ச்சி வந்திருக்கும், படிச்சிருப்பேன். யாரையும் மனசுல வெச்சு எழுதல. பேரே போடலையே.

பதிலா? ஒண்ணும் வரல. நான் எதிர்பாக்கவும் இல்லை. மெயிலை மட்டும் அப்பப்பத் தொறந்து பாப்பேன், அது நெட்டு வருதான்னு பாக்கறதுக்கு.

இப்பப் புதுசா ஒரு தீர்மானம். அஞ்சு பேருக்குக் கீழ இருக்கற லிஸ்ட்டையெல்லாம் மூடிரணும், பக்கம் சுருக்கமா இருக்கணும்னு பொதுக்குழுவுல போட்டுட்டாங்க. அன்னைக்கும் போண்டாதான். நாளையோட தினக்குறிப்பு முடியுது. இன்னும் ரெண்டு பேரைச் சேத்து விட்டா நிக்கும், என் தங்கச்சி இருக்கறா, அவ மருமக இருக்கறா. ஆனா இப்ப நான் சேக்க முடியாதே! அவிங்கவிங்களேதான் வந்து டிக் வெக்கணும். தங்கச்சிக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். பாக்கறேன்க்கா, பாக்கறேன்க்கான்னே சொல்றா.

அதனாலதான் போறேன். ஒரு லிஸ்ட்டை மூடறப்ப உறுப்பினருக்கு முறைப்படி தெரியப்படுத்தணும், அது செயலாளர் வேலை. எங்க வீட்டுக்காரருக்கு இட்லி வெக்கறப்பத் தெரியப்படுத்திட்டேன், 'அப்படியா, சட்னி ஊத்து'ன்னாரு. மிச்சம் இருக்கற உறுப்பினரு ஒருத்திதான். போன்ல சொல்லலாந்தான். ரெண்டு வருசமாப் பேசாதவகிட்ட எடுத்த எடுப்புல 'லிஸ்ட்டு மூடறோம்'னு எப்படிச் சொல்றது? நேர்ல போயி, 'இந்தாம்மா, இனி வராது, உனக்குத் தொந்தரவு விட்டுது'ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். வெறுங்கையோட போகக் கூடாதுன்னுதான் இந்த நாத்து.

நீங்க ஒரு மாதிரிப் பாக்கறீங்க. அவ டிக் வெச்சது தெரிஞ்சுதான் வெச்சாளான்னு கேக்கலாம்னு ஒரு இது இருக்குது, இல்லைங்கல. கேட்டா, 'கை தவறிப் போச்சு துளசி'ன்னு சொல்லிருவாளோன்னுதான் உக்கடத்துலருந்து எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அப்படிச் சொல்லிட்டான்னு வைங்க, எனக்குத் தாங்காதுங்க. அவ கதவைத் தொறக்கறாளோ என்னமோ. வீட்டுல இருக்கறாளோ, தோப்புக்குள்ள இருக்கறாளோ. வீடு எங்கன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. எறங்கி விசாரிச்சுத்தான் போகோணும்.

ஏனுங்க கண்டக்டரு! கீழங்க, கீழ! மேல ஏறிராதீங்க! ஆ... கீழதான் போறாரு. நல்ல மனுசன். சித்த அந்தத் தொட்டியை எடுத்துக் குடுங்க அம்மிணி. பாத்து, எலை ஒடிஞ்சுரப் போகுது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கழகத்துல சேர்றதா இருந்தா நம்ம வெப்சைட்டுல...

அட. அட, அம்மிணி, அங்க பாருங்க. அந்தப் பேக்கரி முன்னால, பச்சைச் சேலை, கொடை புடிச்சுக்கிட்டு. லோகுங்க! கையில காலி வயர் கூடை, தொட்டி வெக்கறதுக்குன்னே கொண்டாந்த மாதிரி! ஒவ்வொரு சன்னலா எட்டி எட்டிப் பாக்கறா பாருங்க கூறுகெட்டவ, இந்த வெயில்ல! எளைச்சுப் போயிட்டா.

யாருங்க இவளுக்குச் சொன்னது, நான் வர்றேன்னு? ஒருத்தர்கிட்டயும் நான் மூச்சு விடலைங்களே. காலையில அஞ்சு மணிக்கு, வழக்கம்போல, 'செயலாளர் இன்று வரிக்கத்திரி நாற்றுடன் கிணத்துக்கடவு பயணம், உக்கடம் பத்து மணி பஸ்'னு லிஸ்ட்டுல ஒரு வரி போட்டதோட சரி.